செவிலியர் அறம்: டூட்டி ஏற்பது முதல் ஒப்படைப்பது வரை

நர்சிங் முதலாண்டில் அறநெறி வகுப்பு என்றாலே தூக்கம் வரும். எனக்கும் வந்தது. தன்னுரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்று நான்கு சொற்களை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு மறந்துபோனோம். பிறகு ஓர் இரவு டூட்டியில் வார்டு முழுக்க நோயாளிகளோடு தனியாக நின்றபோதுதான், அந்த நான்கும் ஒன்றோடொன்று சண்டை போடும் என்பது தெரிந்தது. நோயாளி ஊசி வேண்டாம் என்கிறார், போடாவிட்டால் அவருக்குக் கெடுதல். இப்போது எந்தச் சொல் ஜெயிக்க வேண்டும்? வகுப்பில் இதை யாரும் சொல்லித்தரவில்லை.

அதனால் இந்த வழிகாட்டியைக் கொள்கை வாரியாகப் பிரிக்காமல், ஒரு டூட்டியின் ஓட்டத்தில் எழுதுகிறேன். நர்சிங் படிப்பவர்களுக்கும் வேலையில் சேர்ந்து ஓரிரு ஆண்டு ஆனவர்களுக்கும் பயன்படும். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் இந்தியாவுக்குப் பொருந்துவது.

தொடங்கும் முன்: அன்பு மட்டும் போதாது

செவிலியர் நாளான மே 12 வந்தால் மெழுகுவத்தி ஏற்றுகிறோம், நைட்டிங்கேல் படத்துக்கு மாலை போடுகிறோம், வெள்ளுடை தேவதைகள் என்று மேடையில் புகழ்கிறார்கள். எனக்கு இந்தப் புகழ்ச்சியில் கொஞ்சம் பயம் உண்டு. அன்பாக இருந்தாலே அறத்தோடு இருக்கிறோம் என்று நாமே நம்பிவிடுவோம்.

யூனிஸ் ரிவர்ஸ் என்ற செவிலியரின் கதையை ஒவ்வொரு மாணவிக்கும் சொல்வேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற ஊரை மையமாக வைத்து, 1932 முதல் 1972 வரை அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை ஓர் ஆய்வு நடத்தியது. சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு முறையான சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். 1940-களின் இறுதியில் பென்சிலின் வழக்கமான மருந்தாகிவிட்ட பிறகும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. தங்களுக்கு என்ன நோய், நடப்பது என்ன ஆய்வு என்பதைக்கூட அவர்களிடம் சொல்லவில்லை. அந்த மனிதர்களைக் காரில் அழைத்து வந்து, குடும்ப நலம் விசாரித்து, இறந்தபோது இறுதிச் சடங்குக்கு உதவியது வரை உடனிருந்தவர் ரிவர்ஸ். அவரும் ஒரு கறுப்பினப் பெண்தான். அவர்மேல் அந்த மக்களுக்கு உயிர். அந்த நம்பிக்கை இல்லாமல் ஆய்வு நாற்பது ஆண்டு ஓடியிருக்காது. டாக்டர்கள் சொன்னதைச் செய்தார், நோயாளிகளிடம் பாசமாக இருந்தார். இரண்டும் இருந்தும் அந்த மனிதர்கள் ஏமாற்றப்பட்டார்கள்.

இந்த விவகாரம் வெளியே வந்த பிறகுதான் மனிதரை வைத்து நடத்தும் ஆய்வுகளுக்கான பெல்மாண்ட் அறிக்கை 1979-இல் அமெரிக்காவில் வந்தது. மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி என்று மூன்றை அது வகுத்துக் கொடுத்தது. நாம் மனப்பாடம் செய்யும் பட்டியலின் வேர்களில் இதுவும் ஒன்று.

படி 1: எந்தக் காகிதம் உங்களைக் கட்டுப்படுத்துகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சர்வதேச செவிலியர் மன்றத்தின் அறநெறித் தொகுப்பு 1953-இல் முதலில் ஏற்கப்பட்டது. கடைசியாக 2021-இல் திருத்தியிருக்கிறார்கள். நோயாளி, பணி, தொழில், உலக நலம் என்று நான்கு பகுதிகள். சிறிய ஆவணம்தான், ஒரு மதியத்தில் படித்துவிடலாம். இந்திய நர்சிங் கவுன்சிலுக்கும் சொந்தமாக ஓர் அறநெறித் தொகுப்பு உண்டு. இந்தக் கவுன்சில் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அதற்குப் பதிலாக ஒரு தேசிய ஆணையத்தை அமைக்க 2023-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டில் உங்கள் பெயரைப் பதிவு செய்யும் மாநிலக் கவுன்சில், 1926-இல் இயற்றிய சட்டத்தின்படி நடப்பது.

இவற்றைவிட அவசரமாகத் தெரிந்திருக்க வேண்டியது உங்கள் மருத்துவமனை எழுதி வைத்திருக்கும் விதிகள். சம்மதம், ரத்தம் ஏற்றுதல், எம்எல்சி (போலீஸ், கோர்ட் தொடர்பான கேஸ்), மருந்துத் தவறு ஆகியவற்றுக்கு விதி எங்கே இருக்கிறது என்று முதல் வாரமே ஹெட் நர்ஸிடம் கேளுங்கள். பீரோவில் பூட்டி வைத்திருப்பார்கள். பரவாயில்லை, சாவி யாரிடம் என்றாவது தெரியட்டும். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது படி 8-இல் விளங்கும்.

படி 2: டூட்டி ஏற்கும்போது எண்ணாக வாங்காதீர்கள்

"பன்னிரண்டாம் பெட் தொந்தரவு கேஸ், சும்மா கத்திக்கிட்டே இருப்பாங்க." ஹேண்ட் ஓவரில், அதாவது ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கும் பேச்சில், இப்படி ஒரு வரி காதில் விழுந்தால், அந்த டூட்டி முழுக்க அந்த அம்மா கத்துவது வலியாக உங்களுக்குத் தோன்றாது. ஒரு நோயாளிக்கு ஒட்டப்படும் பட்டம் மூன்று ஷிஃப்டுக்கும் பயணம் செய்யும். எதற்குக் கத்துகிறார், கடைசியாக வலி மருந்து எப்போது, சிறுநீர் போனதா என்று திருப்பிக் கேளுங்கள். சிறுநீர்ப்பை நிரம்பித் தவித்த ஒருவரை "மனநிலை சரியில்லை" என்று எழுதி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். சிறுநீரை வெளியேற்றும் குழாயான கதீட்டர் போட்டதும் அமைதியாகிவிட்டார்.

முடிந்தவரை கட்டிலருகே நின்று ஒப்படைப்பு வாங்குங்கள். ஆனால் எச்ஐவி, கருக்கலைப்பு, தற்கொலை முயற்சி போன்றவற்றை மட்டும் மேசைக்குப் போய் மெதுவாகப் பேசுங்கள். பக்கத்துக் கட்டில் அட்டெண்டர்களின், அதாவது நோயாளியோடு தங்கும் உறவினர்களின், காதுகள் கூர்மையானவை.

படி 3: கட்டிலருகே

தன்னுரிமை என்ற பெரிய சொல் வார்டில் மிகச் சின்ன வடிவத்தில்தான் வரும். ஸ்கிரீன் இழுப்பது. தொடுவதற்கு முன் சொல்வது. "அம்மா, வயித்துல கட்டு மாத்தணும், இப்ப மாத்தலாமா? சாப்பிட்டு முடிச்சதும் வரட்டுமா?" என்று கேட்பது. அவர் சாப்பிட்ட பிறகு என்று சொன்னால், உண்மையிலேயே பிறகு போவது.

ஸ்கிரீன் இல்லாத வார்டுகள் உண்டு. கிழிந்துபோன ஒரே ஸ்கிரீனை மூன்று பேர் இழுத்துக்கொள்ளும் வார்டுகளும் உண்டு. அங்கே அட்டெண்டரை ஒரு சேலையை விரித்துப் பிடிக்கச் சொல்லலாம். ஆண் அட்டெண்டர்களைப் பத்து நிமிடம் வராந்தாவுக்கு அனுப்பலாம். ஸ்கிரீன் வேண்டும் என்று ஸ்டோருக்கு இன்டென்ட் எழுதிப் போட்டு, போட்ட தேதியையும் குறித்து வைக்கலாம். பிரசவ வார்டில் இன்னொன்று. வலியில் அலறும் பெண்ணை அதட்டுவதும் தொடையில் அடிப்பதும், பழைய ஆட்களிடமிருந்து நாம் கற்ற கெட்ட பழக்கம். மத்திய அரசு 2017-இல் தொடங்கிய லக்ஷ்யா திட்டம், பிரசவ அறையின் தரத்தோடு அங்கே பெண்ணை மரியாதையாக நடத்துவதையும் சேர்த்தே பேசுகிறது. ஆனால் திட்டம் வந்தா அடிப்பதை நிறுத்த வேண்டும்?

பேச்சு மரியாதை பற்றி ஒரு வார்த்தை. பாட்டி, தாத்தா, அண்ணே என்று கூப்பிடுவது நம் ஊரில் அன்புதான், தவறில்லை. ஆனால் எழுபது வயது மனிதரை "இந்தாப்பா, திரும்பிப் படு" என்பது, அவர் கட்டியிருக்கும் வேட்டியின் அழுக்கைப் பார்த்து வரும் பேச்சு. வெள்ளை வேட்டிக்காரரிடம் அப்படிப் பேசமாட்டோம்.

அருணா ஷான்பாக்கை இங்கே நினைத்துக்கொள்கிறேன். மும்பை கேஇஎம் மருத்துவமனையில் செவிலியராக இருந்தவர். 1973 நவம்பரில் அங்கேயே வார்டு ஊழியர் ஒருவரால் கொடூரமாகத் தாக்கப்பட்டு, 2015 மே 18-இல் இறக்கும்வரை படுக்கையில் கிடந்தார். நாற்பத்தொன்றரை ஆண்டுகள். அவரைக் கருணைக் கொலை செய்ய அனுமதி கேட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 2011 மார்ச்சில் மறுத்தது. அங்கிருந்த செவிலியர்கள் அவரைச் சாகவிட மாட்டோம் என்று நின்றார்கள். அந்த நிலைப்பாடு சரியா என்று வகுப்பில் மாணவிகள் இரண்டாகப் பிரிந்து சண்டை போடுவார்கள், நானும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆனால் அத்தனை ஆண்டு படுத்திருந்தவரின் உடலில் படுக்கைப்புண் இல்லை என்பது பேசப்பட்ட விஷயம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது என்றால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை. தன்னை யார் திருப்பினார்கள் என்று சொல்ல முடியாத ஒருவரைத் தலைமுறை தலைமுறையாக வேறு வேறு கைகள் திருப்பியிருக்கின்றன.

படி 4: கையெழுத்து வாங்கும் முன்

சம்மதப் படிவத்தை நீட்டி "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்பதற்குச் சம்மதம் என்று பெயரில்லை. என்ன அறுவை, ஏன், என்ன ஆபத்து, செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா என்பதை விளக்க வேண்டியது டாக்டர். செவிலியர் பெரும்பாலும் சாட்சி. அந்தச் சாட்சிக் கையெழுத்தைப் போடும் முன் நோயாளியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "நாளைக்கு உங்களுக்கு என்ன பண்ணப் போறாங்கன்னு சொன்னாங்க?" அவர் தன் வாயால் சொல்லட்டும். "ஏதோ வயித்துல ஆபரேஷன்னாங்க" என்றால் படிவத்தை மூடிவைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். எரிச்சல் படுவார். படட்டும்.

யாருடைய கையெழுத்து என்பது அடுத்த சிக்கல். நம் ஊரில் கணவர், அண்ணன், மாமனார் என்று எல்லோரும் கையெழுத்துப் போடத் தயாராக இருப்பார்கள், கட்டிலில் இருப்பவரைத் தவிர. 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சமீரா கோலி வழக்கு இதற்காகவே தெரிந்திருக்க வேண்டியது. வயிற்றுக்குள் குழாய்க் கருவியால் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்காக சமீராவுக்கு மயக்க மருந்து கொடுத்திருந்த நிலையில், வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கி அவருடைய கருப்பையை எடுத்துவிட்டார்கள். அவர் வயதுவந்தவர், தெளிவானவர், உடனே உயிர் போகும் அவசரமும் இல்லை. ஆகவே தாயின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். மயக்கம் தெளியும்வரை காத்திருந்து அவரையே கேட்டிருக்க வேண்டும்.

கருக்கலைப்பிலும் 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா" என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பினால், அவர் எங்கே போவார் என்று நமக்குத் தெரியும்.

சரி, தெளிவாக இருக்கும் நோயாளி வேண்டாம் என்கிறார். என்ன செய்வது? ஏன் என்று கேளுங்கள். நான் பார்த்தவரை பாதி மறுப்புகள் பயத்தாலோ பணத்தாலோ வருபவை. கதீட்டர் வேண்டாம் என்ற ஒரு பெரியவருக்கு, உண்மையில் ஆண் ஊழியர் வந்து போட வேண்டும் என்பதுதான் தேவையாக இருந்தது. கேட்டு, விளக்கி, அதன் பிறகும் மறுத்தால் அது அவர் உரிமை. டாக்டரிடம் சொல்லி, நேரம் போட்டு எழுதுங்கள். "பேஷன்ட் ஒத்துழைக்கவில்லை" என்று எழுதாதீர்கள். என்ன விளக்கினீர்கள், அவர் என்ன காரணம் சொன்னார் என்று எழுதுங்கள்.

படி 5: மருந்து, அப்புறம் தவறு

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். ஐந்தும் எல்லோருக்கும் தெரியும். முதலாவதில்தான் பலர் வழுக்குகிறோம். "நீங்கதானே மாரியம்மாள்?" என்று கேட்டால், காது மந்தமான பாட்டி எதற்கும் தலையாட்டுவார். "உங்க பேர் என்னம்மா, வீட்டுக்காரர் பேர் என்ன?" என்று கேளுங்கள், கேஸ் ஷீட்டோடு ஒப்பிடுங்கள்.

இன்சுலினில் நம் நாட்டுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு மூன்றையும் இன்னொருவரைப் பார்க்கச் சொல்லாமல் போடாதீர்கள். தீங்கு செய்யாமை என்பது என்னைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது ஜோடிக் கண்கள்தான்.

அப்படியும் தவறு நடக்கும். எனக்கு நடந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு, ஒரே வார்டில் ஒரே பெயரில் இரண்டு அம்மாக்கள். ஒருவருக்குரிய ரத்த அழுத்த மாத்திரையை மற்றவருக்குக் கொடுத்துவிட்டேன். அம்லோடிபின் 5 மில்லிகிராம். கொடுத்துவிட்டுத் திரும்பும்போதே தெரிந்துவிட்டது, கால் நடுங்கியது. சீனியர் சிஸ்டரிடம் ஓடினேன். "ஒண்ணும் ஆகாது, எழுதாத, மெமோ வரும்" என்றார். டூட்டி டாக்டரிடம் சொன்னேன், அவர் பிரஷரை மணிக்கொருமுறை பார்க்கச் சொன்னார். பார்த்தேன். எழுதவும் செய்தேன். விளக்கம் கேட்டு நிர்வாகத்திடமிருந்து மெமோ வந்தது. அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவரிடம் நான் சொல்லவில்லை. மணிக்கொருமுறை எதற்குக் கையில் பட்டை கட்டுகிறாய் என்று கேட்டார், "சும்மாதாம்மா" என்றேன். மெமோ எப்போதோ மறந்துவிட்டது. அந்த "சும்மாதாம்மா" மறக்கவில்லை.

தவறு நடந்தால் வரிசை இதுதான்: முதலில் நோயாளியைப் பாருங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், நோயாளிக்கோ குடும்பத்துக்கோ டாக்டரோடு சேர்ந்து சொல்லுங்கள், பிறகு மருத்துவமனையின் சம்பவ அறிக்கையை நிரப்புங்கள். எழுதியதை அடித்துத் திருத்தாதீர்கள், மற்றவர் கையெழுத்தை இடாதீர்கள்.

பயப்படாமல் சொல்லுங்கள் என்று சொல்வது எளிது. அமெரிக்காவின் நாஷ்வில்லில் ரடோண்டா வாட் என்ற செவிலியர் 2017 டிசம்பரில் பதற்றத்தைக் குறைக்கும் மிடாசோலத்துக்குப் பதிலாக, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் வெக்குரோனியத்தைப் போட்டுவிட்டார். நோயாளி இறந்தார். தவற்றைத் தானே ஒப்புக்கொண்ட அவரை 2022-இல் நீதிமன்றம் குற்றவாளி என்றது. மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. இனி யார் தவற்றை வெளியே சொல்வார்கள் என்று அந்நாட்டுச் செவிலியர்கள் தெருவில் இறங்கினார்கள். எச்சரிக்கைகளை அவர் கவனிக்காமல் தாண்டியதும் உண்மை. மெமோவை ஆயுதமாக வைத்திருக்கும் நிர்வாகிகளிடம் நான் சொல்வது இது: சொன்னவரைத் தண்டித்தால் தவறு குறையாது, தவறு பற்றிய செய்தி மட்டுமே குறையும்.

படி 6: "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர்"

தமிழ்நாட்டு வார்டுகளில் நான் அதிகம் சந்தித்த அறச் சிக்கல் இதுதான். ரிப்போர்ட் வந்ததும் மகன் வராந்தாவுக்கு அழைத்து, கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார். அப்பாவுக்கு கேன்சர் என்று தெரிந்தால் உடைந்துபோவார் என்பார். அவர் வில்லன் இல்லை. பாசத்தில் கேட்கிறார். கல்லூரியில் படித்த "நோயாளிக்கு அறியும் உரிமை உண்டு" என்ற வரியை அவர் முகத்தில் எறிந்தால் ஒன்றும் நடக்காது.

நான் சொல்வது: "நானாப் போயி அவர்கிட்ட சொல்லமாட்டேன் தம்பி. நோயைச் சொல்ல வேண்டியது டாக்டர். ஆனா அவரே என்னை நேராக் கேட்டா, பொய் சொல்லமாட்டேன்." பிறகு ஒரு கேள்வி கேட்பேன்: "அப்பாவுக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும்னு நினைக்கிறீங்க?" பெரும்பாலும் மகன் மௌனமாகிவிடுவார். பத்து நாளாக எல்லோரும் குசுகுசுப்பதை அப்பா கவனிக்காமலா இருப்பார்?

நடு இரவில் அந்த அப்பா கேட்பார். பகலில் கேட்கமாட்டார், மகன் இருப்பான். இரண்டு மணிக்கு டிரிப்ஸ் மாற்றப் போகும்போது, மெதுவாக: "எனக்கு கேன்சரா சிஸ்டர்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தாத்தா, தூங்குங்க" என்று சொல்லிவிட்டால், மறுவாரம் கீமோவுக்கு அழைத்துப் போகும்போது அவர் உங்களை ஒரு பார்வை பார்ப்பார். அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார். "ஆமா" என்று போட்டு உடைத்துவிட்டுப் போவதும் சரியில்லை. அடுத்து என்ன சிகிச்சை, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அவர் கேட்பதற்கு உங்களிடம் பதில் இருக்காது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். நின்றுகொண்டு பேசினால் ஓடப் போகிறீர்கள் என்று அவருக்குத் தெரியும். "ஏன் தாத்தா அப்படித் தோணுது?" என்று கேளுங்கள். பேசுவார். கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு: "ரிப்போர்ட்டைப் பத்தி டாக்டர்தான் முழுசாச் சொல்லணும். உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுக்கணுமா, இல்ல மகன்கிட்ட பேசினா போதுமா? எதுன்னு சொல்லுங்க, காலையில ரவுண்ட்ஸ்ல டாக்டர்கிட்ட அதையே சொல்றேன்."

அந்த இரண்டாவது வாய்ப்பைக் கொடுப்பது முக்கியம். "எல்லாத்தையும் பையன்கிட்டயே பேசிக்கங்கம்மா, எனக்கு வேணாம்" என்று சொல்பவர்கள் உண்டு. தெரிந்துகொள்ளாமல் இருக்க விரும்புவதும் அவர் முடிவுதான். ஆனால் அந்த முடிவை அவர் எடுக்க வேண்டும், வராந்தாவில் நிற்பவர் எடுக்கக் கூடாது. அவர் கேட்ட வார்த்தைகளை நர்ஸஸ் நோட்டில் அப்படியே எழுதி வையுங்கள்.

படி 7: ரகசியம்

எச்ஐவி உள்ள நோயாளியின் கட்டிலில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். வார்டைக் கடப்பவர் எல்லோருக்கும் அது ஒரு அறிவிப்புப் பலகை. 2017-ஆம் ஆண்டு எச்ஐவி சட்டம் 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அவர் சம்மதமில்லாமல் நோய்நிலையை வெளியிடுவதையும், அதைக் காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டுவதையும் அது தடுக்கிறது. கையுறை எல்லா நோயாளிகளின் ரத்தத்துக்கும் போட வேண்டியது. அப்படிப் போட்டால் ஸ்டிக்கருக்கு வேலையே இல்லை.

செல்போன் வந்த பிறகு ரகசியம் கசியும் வழி மாறிவிட்டது. அரிதான காயத்தைப் படம் எடுத்து பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் போடுவது, பிரசவ அறையில் குழந்தையோடு ரீல்ஸ், விபத்தில் வந்த பிரபலத்தின் எக்ஸ்ரே. முகம் தெரியவில்லை என்பது சமாதானம் ஆகாது. பச்சை குத்திய கையை ஊரே அடையாளம் காணும். தொலைபேசியில் யார் கேட்டாலும் நிலைமை சொல்லாதீர்கள். 2012 டிசம்பரில் லண்டன் மருத்துவமனை ஒன்றுக்கு, எலிசபெத் ராணி பேசுவதாக நடித்து ஆஸ்திரேலிய வானொலித் தொகுப்பாளர்கள் இருவர் போன் செய்தார்கள். அங்கே சிகிச்சையிலிருந்த இளவரசரின் மனைவி பற்றிய தகவலை வாங்கியும் விட்டார்கள். உங்களுக்கு ராணி பேசமாட்டார், "கலெக்டர் ஆபீஸிலிருந்து பேசுறேன்" என்று ஒருவர் பேசுவார்.

ரகசியத்துக்கு எல்லை உண்டு. 18 வயதுக்குட்பட்ட குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தால், போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குடும்பம் காலில் விழுந்தாலும் விலக்கில்லை. தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். ஆனால் அந்தக் குழந்தையின் பெயரைக் கேன்டீனில் சொல்வதற்கு இது அனுமதி ஆகாது.

படி 8: டாக்டர் சொன்னது தவறாகத் தெரிந்தால்

சந்தேகமான ஆர்டரைப் பார்த்தால் கேளுங்கள். கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. "சார், இந்த டோஸ் தப்பு" என்றால் ஈகோ குறுக்கே வரும். "சார், இவர் எடை 38 கிலோ, கிரியாட்டினின் 3, ஜென்டாமைசின் இந்த அளவு கொடுக்கலாமா? ஒருமுறை பார்த்துச் சொல்லுங்க" என்றால், நோயாளியின் சிறுநீரகம் சரியில்லை என்பதை எண்களே பேசும். பதில் திருப்தி இல்லையென்றால் மருந்தைக் கொடுக்காமல் நிறுத்தி, ஹெட் நர்ஸிடம், பிறகு சீனியர் டாக்டரிடம் போங்கள். போனில் சொல்லும் ஆர்டரைத் திருப்பிப் படித்துக் காட்டி, கையெழுத்தைச் சீக்கிரம் வாங்குங்கள்.

படி 1-இல் சொன்ன பீரோ சாவி இப்போது வருகிறது. 2017 ஜூலையில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில், மயக்கத்தில் இருந்த தீக்காய நோயாளியின் ரத்தத்தை எடுக்க விடச் சொல்லி ஒரு போலீஸ் துப்பறியும் அதிகாரி வற்புறுத்தினார். அலெக்ஸ் வபல்ஸ் என்ற செவிலியர் மறுத்தார். அவர் கத்தவில்லை, தத்துவம் பேசவில்லை. மருத்துவமனையின் விதியை அச்செடுத்துக் கையில் வைத்து, மேலாளரைப் போனில் வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டினார்: நோயாளியின் சம்மதம், நீதிமன்ற வாரன்ட், கைது, இந்த மூன்றில் ஒன்று வேண்டும். அவரைக் கைவிலங்கிட்டு இழுத்துப் போனார்கள். பின்னர் அந்த அதிகாரி பணிநீக்கம் ஆனார், செவிலியருக்கு 5 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது. நம் நாட்டுச் சட்டம் வேறு, அந்த மூன்று நிபந்தனைகள் இங்கே அப்படியே செல்லாது. அந்தக் காகிதம் அவர் கையில் இருந்ததைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

படி 9: வரிசையும் பணமும்

இதை நீட்டி முழக்க வேண்டியதில்லை. குழந்தை பிறந்ததும் உறவினர் நீட்டும் நோட்டை வாங்காதீர்கள். ஸ்வீட் வாங்கலாமா என்றால், வார்டுக்கே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். எம்எல்ஏ சிபாரிசோடு வந்தவரைவிட மூச்சுத் திணறுபவரை முதலில் பாருங்கள். சாதி பார்த்துக் கட்டில் மாற்றச் சொல்லும் நோயாளிக்கு முடியாது என்ற ஒரு சொல் போதும்.

படி 10: கட்டி வைப்பதும் கடைசி நாட்களும்

ஐசியூவில் குழம்பிப்போன நோயாளி டியூபைப் பிடுங்குகிறார் என்று கையைக் கட்டுகிறோம். முதலில் மற்றதெல்லாம் செய்து பார்த்தீர்களா? வலியா, ஆக்சிஜன் குறைவா, கண்ணாடியும் காதுக் கருவியும் கழற்றி வைத்ததால் திகைப்பா, மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் அடங்குவாரா? கட்டியே ஆக வேண்டும் என்றால் எழுத்து ஆர்டரோடு, இரண்டு விரல் நுழையும் தளர்வோடு கட்டுங்கள். அவ்வப்போது அவிழ்த்துத் தோலையும் விரல் நிறத்தையும் பாருங்கள். ஆள் பற்றாக்குறைக்காகக் கட்டக் கூடாது. மனநல நிலையங்களுக்கு இதில் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கடுமையாகவே இருக்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும். தண்டனையாகவோ ஆள் இல்லை என்றோ கட்டுவதை அது வெளிப்படையாகத் தடை செய்கிறது.

கடைசி நாட்களில் செவிலியரை மாட்டிவிடுவது வாய்மொழி ஆர்டர். "ஏதாவது ஆனா ரொம்ப மெனக்கெடாதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். எழுத்தில் இருக்காது. இரவு மூன்று மணிக்கு இதயம் நின்றால் அதை மீண்டும் இயக்க நெஞ்சை அழுத்துவதா வேண்டாமா? உறவினருக்காக அழுத்துவது போல நடிப்பதை மட்டும் செய்யாதீர்கள். மாலையிலேயே கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள், குடும்பத்தோடு பேசினாரா என்று கேளுங்கள். உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துவதற்கு 2018-இல் உச்ச நீதிமன்றம் வழி வகுத்து, 2023-இல் அதை எளிதாக்கியது. முன்கூட்டிய விருப்ப ஆவணத்தை இப்போது நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் எழுதி வைக்கலாம். முடிவெடுக்க இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்க்க வேண்டும். ஆக, தனியொரு டாக்டர் காதில் சொல்லிவிட்டுப் போகும் விஷயம் அல்ல இது. சிகிச்சையை நிறுத்தினாலும் வாயை ஈரப்படுத்துவதும், வலி மருந்தும், திருப்பிப் படுக்க வைப்பதும் நிற்காது.

படி 11: ஒப்படைத்துவிட்டுப் போங்கள்

டூட்டி முடியும்போது டிரிப்ஸ் கணக்கு, யூரின் அளவு, மிச்ச ஊசி எல்லாம் சொல்வோம். முடிவாகாத கேள்விகளைச் சொல்ல மறந்துவிடுவோம். யார் ஆபரேஷன் வேண்டாம் என்று யோசிக்கிறார், எந்தச் சம்மதப் படிவம் மூடி வைத்திருக்கிறது, எந்த டோஸைக் கேள்வி கேட்டு நிறுத்தியிருக்கிறீர்கள் என்பதும் ஒப்படைப்பில் வர வேண்டும். மனதை அரித்த ஏதாவது நடந்திருந்தால் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோய்த் தனியாக அழாமல், நம்பகமான ஒரு சீனியரிடம் அன்றே பேசுங்கள். பேசாமல் வைத்தவர்கள் சில ஆண்டுகளில் கல்லாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன், அவர்கள்தான் "எழுதாத, மெமோ வரும்" என்பவர்கள்.

அப்புறம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன் பகல் டூட்டி சிஸ்டரிடம்: "ஒன்பதாம் பெட் தாத்தா ராத்திரி ரெண்டு மணிக்கு, தனக்கு கேன்சரான்னு கேட்டாரு. எல்லாம் தெரிஞ்சுக்கணும்னு சொல்லியிருக்காரு, நோட்ல எழுதியிருக்கேன். பையன் பத்து மணிக்குத்தான் வருவாரு. டாக்டர் வரும்போது கொஞ்சம் பக்கத்துல நில்லுங்க சிஸ்டர். ஸ்டூலை அங்கேயே போட்டு வச்சிருக்கேன்."